ராஜாவுக்கு எடுத்த எக்ஸ்ரே

(தர்மபுரியில் மருத்துவமனையின் நண்பர்கள் கூடியபோது பேசியதன் சுருக்கம்)



எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் நோயாளிகளுக்கு மட்டுந்தான் என்று எண்ணுகிறோம். மரித்துப் பல நூற்றாண்டுகளான சரீரங்களையும் அவற்றால் பரிசோதிக்கிறார்கள். யாக்கோபுக்கும் யோசேப்புக்கும் எகிப்தில் சுகந்தவர்க்கமிட்டதை ஆதியாகமத்தில் வாசித்திருக்கிறோம். அப்படிப் பதப்படுத்தப்பட்ட எகிப்திய ராஜா ஒருவரைப் பற்றியே இன்று பேசப்போகிறோம்.

அவர் பெயர் துத்தன்காமன். சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் வாலிப வயதில் மரித்தார். ஹோவர்ட் கார்ட்டர் 1922இல் அவருடைய கல்லறையைக் கண்டுபிடித்தார். 1968இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஹாரிசன் குழுவினர் எக்ஸ்ரே கருவியைக் கல்லறைக்கே கொண்டுபோனார்கள். மண்டையோட்டுக்குள் ஒரு சிறு எலும்புத்துண்டு தெரிந்தது. தலையில் அடித்துக் கொன்றிருப்பார்கள் என்ற பேச்சு கிளம்பியது. அடுத்து அரசாண்ட ஆய் என்னும் முதியவர்மேல் பழி விழுந்தது.

எக்ஸ்ரே என்பது நிழல். முன்னாலும் பின்னாலும் உள்ளவை அதில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். சி.டி. ஸ்கேன் அப்படியல்ல; ரொட்டியை வில்லை வில்லையாக நறுக்கிப் பார்ப்பதுபோல, சரீரத்தை அறுக்காமலே உள்ளே காட்டும். 1971இல்தான் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது. 2005 ஜனவரி 5ஆம் தேதி ராஜாவுக்கும் எடுத்தார்கள். சுமார் 1,700 படங்கள்.

வயது சுமார் 19 என்று தெரிந்தது. தலையில் அடிபட்ட அடையாளம் இல்லை. எலும்புத்துண்டுகள் உயிரோடிருக்கையில் உடைந்திருந்தால், பதப்படுத்த ஊற்றிய பிசினில் ஒட்டியிருக்கும். அவை ஒட்டாமல் கிடந்தன. ஆனால் இடது தொடையெலும்பு முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்திருந்தது. அந்தக் காயம் சீழ்பிடித்தே மரித்திருப்பார் என்றார்கள் குழுவில் சிலர். சரீரத்தை வெளியே எடுத்தவர்கள் கையில் முறிந்தது என்றார்கள் வேறு சிலர். 2010இல் வெளியான மரபணு ஆய்வு, மலேரியாக் கிருமியின் தடயமும் இருந்ததாகச் சொன்னது. மரணத்தின் காரணத்தில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனாலும் ஒரு நிழலை வைத்துச் சொன்ன கொலைப்பழி நிற்கவில்லை.

நம் மாவட்டத்தில் புளி உலுக்க மரமேறி விழுந்து வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நேராக ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும் எடுக்கிறோம். "ஒன்று போதாதா, எதற்கு வீண் செலவு?" என்று உடன் வந்தவர்கள் கேட்பார்கள். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் ஒழுங்காய்த் தெரியும் எலும்பு, மறுபக்கத்தில் பிளந்திருக்கும். அதற்காகத்தான் அந்த இரண்டாவது படம்.

அந்த ராஜாவைப் பொன் முகமூடியோடு அடக்கம் செய்தார்கள். ஆனால் சீழ்பிடித்த காயத்துக்குக் கொடுக்க அன்று ஆன்டிபயாடிக் மருந்து இல்லை. இன்று கூலிவேலை செய்கிறவருக்கும் அது கிடைக்கிறது. நேரத்தில் வந்து சேர வேண்டும், அவ்வளவே. ஆகையால் வீட்டில் யாராவது விழுந்து கால் வீங்கினால் எண்ணெய் போட்டு உருவாதிருங்கள். தோல் கிழிந்து எலும்பும் முறிந்திருந்தால் அந்த மணிநேரமே அழைத்து வாருங்கள். பழைய எக்ஸ்ரே படங்கள் இருந்தால் அவற்றையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.