கிந்தா முதல் ஜெனீவா வரை: நோய்க்காலத் தூதுவர்க்கு வேண்டிய பயிற்சி



உலகச் சுகாதார அரசதந்திரத்தில் தொழில்முறைப் பயிற்சி என்பது இன்றைய உரைக்கு எனக்குத் தரப்பட்ட பொருள். செமோரில் கூடியிருக்கும் ஒரு தமிழ் அவைக்கும் ஜெனீவாவில் நடைபெறும் பேச்சுவார்த்தைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். தொடர்பு உண்டு, அது நம் கிந்தா மாவட்டத்திலேயே தொடங்குகின்றது.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். அரசதந்திரம் என்னும் சொல்லில் உள்ள 'தந்திரம்' சூழ்ச்சியை நினைவூட்டுகின்றது. நம்மிடம் இதனினும் பழைய சொல் ஒன்று இருக்கின்றது; அது 'தூது'. திருக்குறளில் தூதுக்கெனத் தனி அதிகாரமே உண்டு. ஒருவர் நிலையை மற்றவர் உணருமாறும், சொன்னவர் மதிப்புக் குறையாமலும், கேட்டவர் பகை கொள்ளாமலும் எடுத்துரைப்பதே தூது. நோயைப் பற்றி நாடுகள் ஒன்றோடொன்று நிகழ்த்தும் தூதே நாம் பேசும் பொருள்.

1998ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் பணியாற்றியோர் கடுங்காய்ச்சலும் மூளையழற்சியும் கண்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இவ்வூரிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் வழியே சென்றால் எட்டிவிடக்கூடிய தம்புன் பகுதியில்தான் முதற்பண்ணை இருந்தது. சில நோயாளிகளின் குருதியில் ஜப்பானிய மூளையழற்சிக்குரிய அடையாளம் காணப்பட்டதால், கொசுவால் பரவும் அந்நோயே இது எனக் கருதப்பட்டது. புகையடிக்கப்பட்டது, தடுப்பூசியும் போடப்பட்டது. எனினும் நோய் தணியவில்லை.

மாறுபட்ட குறிப்புகள் பல இருந்தன. ஜப்பானிய மூளையழற்சி பெரிதும் சிறுவரைத் தாக்கும். இங்கோ வளர்ந்த ஆடவரே மிகுதியாக வீழ்ந்தனர். தடுப்பூசி பெற்றவர்க்கும் நோய் வந்தது. மனிதர்க்கு முன்னரே பன்றிகள் நோயுற்றன. தொலைவிலும் கேட்குமாறு அவை இருமின. இவற்றை முதலில் கண்டவர்கள் பண்ணைக்காரர்களும், அங்கு வேலை செய்த சீன, இந்தியத் தொழிலாளர்களும் ஆவர்.

இதற்கிடையே, நோய்ப் பகுதியிலிருந்து பன்றிகள் தெற்கே விற்கப்பட்டன. 1999ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நோய் நெகிரி செம்பிலானை அடைந்து, புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா ஆகிய ஊர்களைச் சூழ்ந்தது. மார்ச் மாதத்தில் சிங்கப்பூரின் இறைச்சிக்கூடத் தொழிலாளரும் நோயுற்றனர்; அங்கே 11 பேரில் ஒருவர் மாண்டார். சிங்கப்பூர் மலேசியப் பன்றிகளின் இறக்குமதியை நிறுத்தியது. அதே மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங் ஒரு நோயாளியின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து புதிய கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்தார். அதனை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மைய ஆய்வகத்துக்குத் தாமே கொண்டு சென்றார். உலகம் அதுவரை அறியாத கிருமி அது. நோய் அடங்குவதற்குள் மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் உயிரிழந்தனர். 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. பழந்தின்னி வௌவால்களிடமிருந்து கிருமி பன்றிகளுக்கு வந்தது என்பதும், தொழுவத்தை ஒட்டி நின்ற பழமரங்கள் அதற்கு வழிவகுத்தன என்பதும் பின்னர் ஆய்வுகளால் விளங்கின.

இந்நிகழ்ச்சியை மருத்துவ மாணவர் கிருமியின் வரலாறாகப் படிப்பர். நாம் இதனைச் செய்தியின் வரலாறாகப் படிக்க வேண்டும். தம்புன் பண்ணையில் ஒரு தொழிலாளி கண்டது மாவட்ட அதிகாரிக்கும், கால்நடைத் துறை கண்டது சுகாதார அமைச்சுக்கும், மலேசியா அறிந்தது சிங்கப்பூருக்கும் எவ்வளவு விரைவில், எத்தகைய சொற்களில் சென்று சேர்ந்தது என்பதே கேள்வி. அன்று நடப்பிலிருந்த அனைத்துலகச் சுகாதார ஒழுங்குமுறைகளின்படி வாந்திபேதி, கொள்ளைநோய், மஞ்சட்காய்ச்சல் ஆகிய 3 நோய்களை மட்டுமே நாடுகள் கட்டாயமாக அறிவிக்க வேண்டியிருந்தது. பெயரே இல்லாத ஒரு நோயை அறிவிக்குமாறு எவ்விதியும் எந்நாட்டையும் பணிக்கவில்லை.

2003ஆம் ஆண்டு சார்ஸ் நோய் உலகை அச்சுறுத்திய பின்னரே அக்குறை நீங்கியது. 2005இல் திருத்தப்பட்டு 2007 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறைகள், நோயின் பெயரை விடுத்து நிகழ்வின் தன்மையை நோக்கின. ஐயத்திற்குரிய நிகழ்வை 48 மணி நேரத்திற்குள் ஒரு நாடு மதிப்பிட வேண்டும். அது அனைத்துலக அளவில் கவலைக்குரியதாயின் 24 மணி நேரத்திற்குள் உலகச் சுகாதார நிறுவனத்திற்கு அறிவிக்க வேண்டும். அளவுமீறிப் பயணத்தையும் வணிகத்தையும் தடுக்கும் நாடு அதற்குரிய காரணத்தைக் கூறவும் வேண்டும்.

இவ்விரு விதிகளும் ஏன் இணைந்து வருகின்றன என்பதைச் சிந்தியுங்கள். உண்மையை முந்திச் சொல்லும் நாடு தன் ஏற்றுமதியை இழக்குமானால், அடுத்த முறை எந்நாடும் முந்திச் சொல்லாது. ஆதலால் உண்மை சொன்னவன் தண்டனை பெறாதவாறு காப்பது நோய்த்தடுப்பின் ஒரு பகுதியாகின்றது. இதனை மருந்தால் செய்ய இயலாது. உடன்படிக்கையால்தான் செய்ய இயலும். சுகாதாரத் தூதுவரின் பணி இங்கேதான் பிறக்கின்றது.

இப்பணி புதியதன்று. 1851இல் பாரிஸ் நகரில் முதலாவது அனைத்துலகச் சுகாதார மாநாடு கூடியபோது, 12 அரசுகள் தத்தம் சார்பில் ஒரு மருத்துவரையும் ஓர் அரசதந்திரியையும் அனுப்பின. ஒரே நாட்டின் இருவரும் வெவ்வேறு பக்கம் வாக்களிக்கவும் இடமிருந்தது. மருத்துவர் நோயை அறிவார். தூதுவர் நாடுகளின் அச்சத்தையும் ஆதாயத்தையும் அறிவார். இவ்விரு அறிவையும் ஒருவரிடத்தே சேர்க்க முயல்வதே இன்றைய பயிற்சி.

நம் முன்னோர்க்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய தோட்டத் தொழிலாளர் பலர், பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவின் தனிமைப்படுத்தும் நிலையத்தைக் கடந்தே இம்மண்ணை மிதித்தனர். 1925இல் பன்னாட்டுச் சங்கத்தின் சுகாதார அமைப்பு சிங்கப்பூரில் ஒரு கீழைப் பணியகத்தைத் திறந்து, ஆசியத் துறைமுகங்களின் நோய்ச் செய்திகளைத் தந்தி வழியே திரட்டிப் பிற துறைமுகங்களுக்கு அறிவித்து வந்தது. அச்செய்திகளில் நம் மக்கள் பயணிகளாகவும் நோயாளிகளாகவும் எண்ணப்பட்டனர். அவர்கள் சார்பில் பேசுவோர் அம்மேசையில் இல்லை.

ஆயினும், அடுத்த தலைமுறைக்குள் அம்மேசையில் தமிழர் அமர்ந்தனர். 1887இல் பிறந்த இரட்டையர் ஆற்காடு இராமசாமி முதலியாரும் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியாரும் ஆவர். 1946இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக மன்றம், இராமசாமி முதலியாரைத் தன் முதல் தலைவராகக் கொண்டிருந்தது. அம்மன்றமே நியூயார்க்கில் அனைத்துலகச் சுகாதார மாநாட்டைக் கூட்டியது. அம்மாநாட்டில் 61 நாடுகள் கையொப்பமிட்ட சாசனத்தினின்றும் உலகச் சுகாதார நிறுவனம் 1948 ஏப்ரல் 7 அன்று பிறந்தது. மகப்பேறு மருத்துவரும் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தருமாகிய இலட்சுமணசாமி முதலியார் அந்நிறுவனத்தின் செயற்குழுத் தலைவராகவும், 1961இல் புதுதில்லியில் கூடிய உலகச் சுகாதாரப் பேரவையின் தலைவராகவும் விளங்கினார். பாரிஸ் மாநாட்டில் அருகருகே அமர்ந்த தூதுவரும் மருத்துவரும் ஒரே குடும்பத்தில் தோன்றியது போல இருக்கின்றது இவ்வரலாறு.

இனிப் பயிற்சியின் உள்ளடக்கத்தைக் காண்போம். நோய்ப்பரவலின் அறிவியலும் அனைத்துலகச் சட்டமும் வணிக விதிகளும் அதில் உள்ளன. வணிக விதி எதற்கு என்று கேட்போர் நம் நாட்டின் அனுபவத்தையே எண்ணிப் பார்க்கலாம். 2003இல் மலேசிய அரசு, காப்புரிமை பெற்ற எச்.ஐ.வி. மருந்துகளின் மலிவான வடிவங்களை இந்தியாவிலிருந்து தருவிக்க அரசுப் பயன்பாட்டு உரிமையைக் கையாண்டது. 2017இல் ஹெப்படைட்டிஸ் சி நோய்க்கான சோபோஸ்புவிர் மருந்துக்கும் அவ்வாறே செய்தது. உலக வணிக உடன்படிக்கையில் இடங்கொடுக்கும் சொற்கள் இருந்தமையாலும், அச்சொற்களைப் படித்துப் பயன்கொள்ளத் தெரிந்த அதிகாரிகள் இருந்தமையாலும் அது கைகூடிற்று.

ஆம், சொற்கள். இப்பயிற்சியின் உயிர்நாடி சொற்பயிற்சியே என்பது என் துணிபு. பேச்சுவார்த்தையில் உடன்பாடு எட்டாத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டு வைப்பர். ஒவ்வோர் அடைப்புக்குறியையும் நீக்க நாட்கணக்கில் வாதிடுவர். 'செய்தல் வேண்டும்' என்பது கடப்பாடு. 'செய்வது நன்று' என்பது அறிவுரை. 'செய்யலாம்' என்பது இசைவு. இம்மூன்றுக்கும் இடையே ஓர் ஏழை நாட்டிற்குத் தடுப்பூசி கிடைப்பதும் கிடைக்காததும் அடங்கிவிடக் கூடும். 2025 மே 20 அன்று உலகச் சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட பெருந்தொற்று உடன்படிக்கைக்கு 3 ஆண்டுகளுக்கு மேலாகப் பேச்சுவார்த்தை நிகழ்ந்ததற்கு இத்தகைய சொற்போர்களும் காரணமாகும்.

பெயரிடுதலும் சொற்பணியே. நிப்பா என்று இன்று உலகம் அஞ்சிக் கூறும் கிருமிக்குச் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் வைக்கப்பட்டது. 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் அந்நோய் தோன்றியபோது, நெகிரி செம்பிலானின் ஒரு சிற்றூர்ப் பெயர் அங்குள்ள வீடுகளிலெல்லாம் அச்சத்தோடு ஒலித்தது. அவ்வூரார் செய்த குற்றம் என்ன? இத்தகைய இழுக்கைத் தவிர்க்கவே 2015இல் உலகச் சுகாதார நிறுவனம், புதிய நோய்களுக்கு ஊர், இனம், விலங்கு ஆகியவற்றின் பெயர்களை இடலாகாது என வழிகாட்டியது. தன் மொழியில் பெயர்களின் சுமையை உணர்ந்தவர்க்கே இத்தகைய நுட்பம் எளிதில் கைவரும்.

மாணவர்களே, இத்துறையை அடையும் வழிகள் நம் நாட்டிலேயே உள்ளன. கோலாலம்பூரில் 1991இல் நிறுவப்பட்ட அரசதந்திர, வெளியுறவுக் கழகம் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கின்றது. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் உலகச் சுகாதார ஆய்வு நிலையமும் அந்நகரிலேயே அமைந்துள்ளது. மருத்துவம், கால்நடை மருத்துவம், சட்டம், பொருளியல் என எதைக் கற்றாலும் இத்துறைக்கு வரலாம். ஆனால், இருமொழி மும்மொழி அறிந்தவர் என்பதைக் குறையாகக் கருதாதீர்கள். தோட்டப்புறத்துத் தமிழும், பள்ளியின் மலாயும், நூலகத்து ஆங்கிலமும் அறிந்தவன் பண்ணைத் தொழிலாளியையும் அமைச்சு அதிகாரியையும் அயல்நாட்டு அறிஞரையும் இணைக்க வல்லவன். இன்று பண்ணைகளிலும் தோட்டங்களிலும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் உழைக்கின்றனர். அவர்கள் கண்டதைக் கேட்கத் தெரியாத அமைப்பு, அடுத்த நோயையும் தாமதமாகவே காணும்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வகுப்பில் மாணவரைப் பண்ணைக்காரர், தொழிலாளி, சுகாதார அமைச்சு, அண்டை நாடு, உலகச் சுகாதார நிறுவனம் எனப் பிரித்து அமர்த்துங்கள். பெயரறியா நோய் ஒன்று தோன்றியதாகக் கூறுங்கள். ஒரு மணி நேரத்திற்குள் அனைவரும் ஏற்கும் பத்து வரி அறிக்கையைத் தமிழிலும் மலாயிலும் எழுதச் செய்யுங்கள். அறிந்தது எது, ஐயத்திற்குரியது எது, யார் பெயரும் இழுக்குறாமல் அதனை எவ்வாறு சொல்வது என்பவற்றை அவர்கள் விவாதிக்கட்டும். தொழிலாளியாக அமர்ந்த மாணவனின் பேச்சை மற்றவர் எத்தனை முறை குறுக்கிட்டனர் என்பதையும் இறுதியில் எண்ணிக் காட்டுங்கள்.

நோய்க்காலத் தூது நடுக்கமின்றி உண்மையை உரைக்கும் சொல்லில் தொடங்குகின்றது. அச்சொல்லைப் பழக்கும் இடம் மொழி வகுப்பு. அதனை நீங்கள் நடத்துகின்றீர்கள் என்பதை நினைவுறுத்தி அமைகின்றேன்.