கீழக்கரைத் தூண்கள் கேட்கும் கேள்வி

(குன்னூரில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நீலமலையிலே நின்றுகொண்டு நெய்தல் நிலத்துப் பள்ளிவாசலைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து பெயர்த்தனுப்பப்பட்டோரின் குடும்பங்கள் இந்த மலையிலே ஏராளம். இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, இங்கே கொழுந்து கிள்ள வந்தவர்கள் பலர். அந்த மண்டபத்துக்கு மேற்கே, அதே கடலோரத்திலே இருக்கிறது கீழக்கரை.

அங்குள்ள ஜும்மா பள்ளிவாசலை அண்மையில் கண்டேன். கோயில் மண்டபந்தானோ என்று எண்ண வைக்கும் கருங்கல் தூண்கள், வரிசை வரிசையாக! ஆனால் தெய்வ உருவம் இல்லை. பூவும் கொடியுமே உண்டு. கலை திராவிடக் கலை. தொழுகை இசுலாமியத் தொழுகை. ஒரே கூரையின்கீழ் இரண்டும்! அங்கே பகை கண்டோமா? இல்லை, பண்பு கண்டோம்!

பதினேழாம் நூற்றாண்டிலே அதை எழுப்பியவர் வள்ளல் சீதக்காதி. இராமேசுவரம் கோயிலைப் புரந்த சேதுபதி மரபிலே வந்த கிழவன் சேதுபதியின் அவையில் பெருமதிப்புப் பெற்றவர் இந்த முசுலிம் வணிகர்.

தோழர்களே! 1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் பாபர் மசூதி தகர்க்கப்பட்டது. வழிபாட்டு இடங்கள் 1947 ஆகஸ்டு 15 அன்று இருந்த நிலையிலேயே இருக்கவேண்டும் என்று 1991லேயே சட்டம் வந்தும், பள்ளிவாசலுக்குள் கோயில் தேடுவோர் ஓய்ந்தாரில்லை. நாளை கீழக்கரைத் தூணைக் காட்டி, "பார், இது கோயில்!" என்று ஒருவர் கூறினால் என்ன விடை சொல்வீர்?

சொல்லுங்கள்: தமிழ்ச் சிற்பியின் உளிக்குத் தெரிந்த மொழி அது. கோயில் கட்டச் சொன்னாலும், பள்ளிவாசல் கட்டச் சொன்னாலும் அந்த மொழியிலேதான் அவன் பேசினான். அதே சீதக்காதியின் ஆதரவிலே சீறாப்புராணம் பாடத் தொடங்கினார் உமறுப்புலவர். அவருக்குத் தமிழ் பயிற்றுவித்தவர் எட்டயபுரம் கடிகைமுத்துப் புலவர். கம்பர் கையாண்ட விருத்தத்திலே நபிகள் நாயகத்தின் வரலாற்றை, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களாக வடித்தார் உமறு. அதனால் அது களவாடிய காப்பியம் ஆகிவிடுமா? பாட்டிலே இல்லாத களவு, கல்லிலே மட்டும் எப்படி வந்தது?

நாகூரின் மிக உயர்ந்த மனோராவை எழுப்பித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அவரிடம் எவரும் மதம் கேட்கவில்லை.

ஒரே லயத்திலே குடியிருந்து, ஒரே மழையிலே நனைந்து, ஒரே தராசிலே கொழுந்து நிறுக்கும் உங்களுக்கு ஒற்றுமையைப் பிறர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. அதைக் குலைக்க வருவோரிடம் கீழக்கரைத் தூண்களின் கேள்வியைக் கேளுங்கள். விடை சொல்லிவிட்டு அவர்கள் மேலே ஏறட்டும்!