தெருவும் ஓர் அமானத்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

நம் ஊர்களின் கடைத்தெருக்களைப் பாருங்கள். கீழே கடை, மேலே வீடு. கடைக்காரரைக் கேட்டால், வீட்டார் மாடியிலிருந்து குப்பையை வீசுகிறார்கள் என்பார். வீட்டாரைக் கேட்டால், கடைக்காரர் சரக்கைத் தெருவரை பரப்பியிருக்கிறார் என்பார்கள். இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் சாக்கடை அடைபட்டபடியே கிடக்கிறது. ஜனாஸாவைச் சுமந்து வருவோர் ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறார்கள். நோயாளியை ஏற்ற வந்த ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிடுகிறது.

நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ள கப்பல் உவமையை நாம் அறிவோம். சீட்டுக் குலுக்கிச் சிலர் மேல் தளத்திலும் சிலர் கீழ்த் தளத்திலும் அமர்ந்தார்கள். தண்ணீருக்காக மேலே சென்று தொல்லை தருவானேன், நம் பகுதியிலேயே ஓட்டை போட்டுக்கொள்வோம் என்று கீழே இருந்தோர் எண்ணினார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவர். தடுத்தால் எல்லோரும் பிழைப்பர். நம் கடைத்தெருவும் அத்தகைய கப்பலே. கீழ்த் தளமும் மேல் தளமும் சேர்ந்துதான் கரை சேர முடியும்.

பாதையில் அமர்வதைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, எங்களுக்கு வேறு வழியில்லையே என்றார்கள் தோழர்கள். அப்படியானால் பாதையின் உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள் அண்ணலார். பிறருக்குத் தொல்லை தராதிருப்பதும் அவ்வுரிமைகளில் ஒன்று. தெருவை நம்பிப் பிழைப்பு நடத்துவதை மார்க்கம் தடுக்கவில்லை. தெருவின் ஹக்கைக் கொடுக்கச் சொல்கிறது.

இங்கே சற்றுக் கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். பள்ளிவாசலுக்கு மின்விசிறியும் விரிப்பும் வாங்கித் தரும் வணிகர், தம் கடைவாசலில் ஒரு முதியவர் நடக்க இடம் விடவில்லையெனில், அந்தக் கொடை இந்தக் கடனை அடைக்காது. ஒளூவின் உறுப்புகளை ஒன்று விடாமல் கழுவும் குடும்பத்தார் குர்பானிக் கழிவைச் சாக்கடையில் கொட்டினால், அண்டை வீட்டாரின் ஹக்கைச் சுமந்துகொண்டே மறுமைக்கு வர நேரும். அந்த அண்டை வீட்டார் முஸ்லிமாயினும் மாற்று மதத்தவராயினும் ஹக் ஹக்குதான்.

மதீனாவின் முன்மாதிரி நம் முன் இருக்கிறது. தண்ணீருக்கு மக்கள் தவித்தபோது, வணிகரான உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றைத் தம் சொந்தப் பொருளால் வாங்கி அனைவருக்கும் பொதுவாக்கினார்கள். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு நகரைக் காக்க அகழ் வெட்டியபோது, நபி (ஸல்) அவர்களே மண் சுமந்தார்கள். வணிகரின் பொருளும் குடியிருப்போரின் உழைப்பும் சேர்ந்தே அந்நகரம் எழுந்தது.

நம் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1989ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கத்தில், தெருவாசிகள் மாதந்தோறும் சிறு தொகை திரட்டி, குப்பை சேகரிக்க ஆளும் மூன்று சக்கர வண்டியும் அமர்த்தினார்கள். 2016இல் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையைத் தரம் பிரிக்கும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கம், வணிகர் சங்கம் ஆகிய இரண்டின் மீதும் சேர்த்தே வைத்தன.

2015 டிசம்பர் பெருவெள்ளத்தின்போது சென்னையில் பள்ளிவாசல்கள் மதம் பாராமல் கதவைத் திறந்தன. வணிகர் பொருள் தந்தார். இளைஞர் உணவு சுமந்தார். வெள்ளத்தில் இணைந்த கைகள் வெயிலில் பிரிவது ஏன்?

எனவே ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் ஒரு நாள் இஷாவுக்குப் பின் வணிகர்களையும் குடியிருப்போரையும் ஒன்றாக அமர வைக்கட்டும். மாற்று மதச் சகோதரர்களையும் மரியாதையுடன் அழைக்கட்டும். கடைச் சரக்கு வாசற்படியைத் தாண்டாது என வணிகர் வாக்களிக்கட்டும். மக்கும் குப்பையையும் மக்காக் குப்பையையும் பிரித்துக் கொடுப்போம் என வீட்டார் வாக்களிக்கட்டும். தெருவிளக்குக்கும் துப்புரவுக்கும் ஆகும் செலவை இருசாராரும் பகிர்ந்துகொள்ளட்டும். துப்புரவுப் பணியாளரின் கூலியை அவர் வியர்வை உலருமுன் கொடுக்கட்டும்.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று. அதைத் தனியே செய்தால் ஸதகா. கூடிச் செய்தால் ஊருக்கே பரக்கத். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்த நற்பாக்கியத்தை வழங்குவானாக! ஆமீன்.