நிகழாத போரில் மாண்டவர்கள்



1945 நவம்பர் 1 அன்று ஜப்பானின் கியூஷு தீவில் அமெரிக்கப் படைகள் கரையிறங்குவதாக இருந்தது. மியாசாகி, ஷிபுஷி வளைகுடா, குஷிகினோ ஆகிய இடங்களைக் குறித்து வைத்திருந்தார்கள். திட்டத்தின் பெயர் 'ஒலிம்பிக்'. அடுத்த மார்ச்சில் டோக்கியோ சமவெளியைப் பிடிக்க 'கொரோனெட்'. இரண்டுக்கும் பொதுப்பெயர் 'டவுன்ஃபால்'. ஆகஸ்ட் 15இல் ஜப்பான் பணிந்தது, படையெடுப்பு நடக்கவில்லை.

நடக்காத ஒன்றுக்கு ஏன் கருத்தரங்கு? ஹிரோஷிமா, நாகசாகி பற்றிய வாதத்தில் பெரும்பகுதி இதன்மேல்தான் நிற்கிறது. குண்டு போடாவிட்டால் படை இறங்கியிருக்கும், இறங்கியிருந்தால் இத்தனை பேர் மாண்டிருப்பார்கள் என்கிறார்கள். அந்த 'இத்தனை'யை யார், எப்போது கணக்கிட்டார்கள் என்பதை நாம் கேட்க வேண்டும்.

1945 ஜூனில் வாஷிங்டனின் கூட்டுப் போர்த் திட்டக் குழு, தெற்குக் கியூஷுவையும் டோக்கியோ சமவெளியையும் பிடிக்க ஏறத்தாழ 40,000 அமெரிக்கர் உயிரிழக்கலாம் என்றது. 1947இல் முன்னாள் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் எழுதிய கட்டுரையில், காயமுற்றோரையும் சேர்த்து அமெரிக்க இழப்பு மட்டும் பத்து லட்சத்தைத் தாண்டியிருக்கும் என்று வந்தது. 1955இல் முன்னாள் அதிபர் ட்ரூமனின் நினைவுக்குறிப்புகளோ ஐந்து லட்சம் அமெரிக்க உயிர்கள் என்றன. போர் முடிந்த பிறகே இந்தத் தொகைகள் பொதுமக்களிடம் நிலைபெற்றன.

ஆனால் பின்னாளில் வந்தவை எல்லாம் புனைவு என்று ஒதுக்குவதையும் நான் ஏற்கமாட்டேன். ஜூன் மாதக் கணக்கு, கியூஷுவில் மூன்றரை லட்சம் ஜப்பானியப் படையினர் இருப்பார்கள் என்று கருதியது. ஆகஸ்ட் தொடக்கத்தில், இடைமறித்துப் படித்த ஜப்பானியச் செய்திகள் அந்தத் தொகையை ஐந்தரை லட்சத்துக்கும் மேலே ஏற்றிவிட்டன. கரையிறங்கும் இடத்தை ஜப்பானியத் தளபதிகள் பெரும்பாலும் சரியாகவே ஊகித்திருந்தார்கள். ஒகினாவாவிலிருந்து போர் விமானங்கள் எட்டக்கூடிய தூரம், பெரும்படை இறங்கத் தக்க மணற்கரை இரண்டையும் பொருத்திப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். பதினைந்து முதல் அறுபது வயது வரையுள்ள ஆண்களையும், பதினேழு முதல் நாற்பது வரையுள்ள பெண்களையும் போர்ச் சேவைக்கு அழைக்கும் சட்டம் ஜூனிலேயே வந்துவிட்டது. மூங்கில் ஈட்டியோடு பயிற்சி பெற்ற அந்தப் பெண்கள் வாஷிங்டனின் இழப்புக் கணக்கில் இல்லை. அது அமெரிக்க உயிர்களுக்கான கணக்கு.

அந்தக் கணக்கில் நம்மவரும் இல்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியப் படை அமைத்த சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களைச் சொல்கிறேன். 1943 அக்டோபரில் பாதை முடிந்த பிறகும் பலர் முகாம்களிலேயே இருந்தார்கள். போர் நீண்ட ஒவ்வொரு மாதமும் காலராவும் பசியும் அவர்களுக்கு நீண்ட மாதம்தான். நேச நாட்டுக் கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் தொழிலாளர்களில் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதற்கு இன்றுவரை உறுதியான கணக்கே கிடையாது. நிகழாத போரில் சாகவிருந்தவர்களை எண்ணப் போர் அலுவலகங்கள் இருந்தன. நிகழ்ந்த போரில் செத்தவர்களை எண்ண ஒருவரும் இல்லை. இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. போர் சில மாதங்கள் நீண்டிருந்தால் சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் எத்தனை உயிர்கள் போயிருக்கும் என்ற கேள்வியையும் இங்கே எடுத்துக்கொள்ளாமல் நாம் எழுந்து போகக் கூடாது.

ஆகவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உயிரிழப்பு எண் எதைச் சொன்னாலும் அது எந்தத் தேதிக் கணக்கு, யார் தயாரித்தது, காயமுற்றோர் அதில் உண்டா, எந்த நாட்டார் விடுபட்டார்கள் என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். நேரம் போதாவிட்டால் கட்டுரையின் மற்ற பகுதியைச் சுருக்கிக்கொள்ளலாம். இதைச் சுருக்க வேண்டாம். முதல் அமர்வு கியூஷுவின் தற்காப்பு ஏற்பாடுகள் பற்றியது. அமர்வுத் தலைவரை மேடைக்கு அழைக்கிறேன்.