துயருற்ற குழந்தையும் அன்பின் பள்ளியும்



மும்பையிலிருந்து புனே வழியாகச் சென்னை செல்லும் புகைவண்டி, தவுண்டு சந்திப்பை அடையுமுன் கேட்காவ் என்னும் சிற்றூரைக் கடக்கின்றது. ஊருக்குச் செல்லும் ஆவலில் நாம் அதனை நோக்குவதில்லை. ஆயினும், துயருற்ற குழந்தைக்குப் பள்ளிக்கூடம் என்ன செய்தல் கூடும் என்னும் வினாவுக்கு அவ்வூர் விடை தருகின்றது. பண்டித ரமாபாய் அம்மையார் நிறுவிய முக்தி இல்லம் அங்கேதான் உள்ளது.

1858-இல் பிறந்த அம்மையார், இளமையிலேயே பஞ்சத்தின் கொடுமையால் பெற்றோரையும் தமக்கையையும் இழந்தார். நாடெங்கும் உடன் நடந்த தமையனார் 1880-இலும், கணவர் 1882-இலும் மறைந்தனர். கைக்குழந்தையுடன் இங்கிலாந்து சென்ற அவர், உலகம் ஒதுக்கிய மகளிரைக் கிறிஸ்தவக் கன்னியர் வெறுப்பின்றிப் பேணியதைக் கண்டு உள்ளம் உருகினார், 1883-இல் கிறிஸ்தவரானார். விசுவாசத்தை அவர் முதன்முதல் கண்டது பிறர் துயர் துடைத்த கைகளிலேதான்.

1889 மார்ச்சு 11-ஆம் நாள் மும்பையில் சாரதா சதன் என்னும் பள்ளியை அவர் தொடங்கினார். அங்கு முதலில் சேர்ந்தோருள் கோதுபாய் என்னும் இளம் விதவையும் ஒருவர். விதவையின் முகத்தில் விழித்தலே தீது என்று எண்ணிய காலம் அது. அப்பள்ளியோ அவருக்கு ஏட்டையும் எழுத்தையும் தந்தது. தலைநிமிர்ந்து அமர ஓர் இடமும் தந்தது. 1893-இல் அவர் தோண்டோ கேசவ கார்வேயை மணந்தார். அந்தக் கார்வேயே பின்னர் 1916-இல் மகளிர்க்கெனப் பல்கலைக்கழகம் கண்டவர்.

அம்மையாரின் வழி இடர்ப்பாடின்றி அமைந்ததன்று. மாணவியர் சிலர் அவருடைய வழிபாட்டில் கலந்துகொள்வதாக 1893-இல் பூசல் எழுந்தது. ஆலோசகராய் இருந்த சான்றோர் விலகினர். பலர் தம் பெண்களை அழைத்துச் சென்றனர். பிறர் குழந்தையைப் பேணுவோர் எந்த எல்லையில் நிற்றல் வேண்டும் என்னும் அவ்வினா இன்றும் சிந்திக்கத் தக்கதே. ஆயினும் பள்ளி மூடப்படவில்லை.

1896–97-இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் வாட்டியது. பசியால் உற்றாரை இழந்த அம்மையார் அங்குச் சென்று, ஆதரவற்ற சிறுமியரை நூற்றுக்கணக்கில் அழைத்து வந்தார். எழுத்தோடு நெசவும், அச்சுத்தொழிலும், தோட்டவேலையும் அவர்கட்குக் கற்பிக்கப்பட்டன. பார்வையற்றோர் பிரெயில் எழுத்தைப் பயின்றனர். வயிற்றுக்குச் சோறு, கைக்கு வேலை, பக்கத்தில் ஒரு துணை: ஆறுதல் அங்கு இவ்வடிவிலேயே வந்தது.

1921-இல் ஒரே மகள் மனோரமாவையும் அம்மையார் இழந்தார். மறு ஆண்டு ஏப்ரலில் தாமும் மறைந்தார். அவர் தொடங்கிய பணி மட்டும் நின்றுவிடவில்லை.

அன்பர்களே! நம் குடியிருப்பிலும் துயர் வருவதுண்டு. தந்தையை இழந்த பிள்ளைக்குப் பாட்டி, மாமன், அத்தை யாவரும் ஆயிரம் கல் தொலைவில் இருக்கின்றனர். காரியம் முடிந்ததும் வந்த உறவினர் வண்டியேறிவிடுவர். பிள்ளையோ மறுநாள் பள்ளிக்குச் செல்லவேண்டும். “அழாதே” என்று சொல்லி அனுப்புதல் எளிது. அப்பிள்ளையோடு பள்ளி வாயில்வரை நடப்பவர் யார்? விட்டுப்போன பாடங்களை எழுதித் தருபவர் யார்? கட்டணம் தவறாதபடி, பிறர் அறியாது பார்த்துக்கொள்பவர் யார்? அழும் குழந்தையை அழவிட்டு அருகில் அமர்ந்திருப்பவர் யார்?

இவற்றைச் செய்வதற்குச் சமயம் ஒன்றாயிருத்தல் வேண்டுவதில்லை. கிறிஸ்தவர்க்கு அன்பு ஆண்டவரின் கட்டளை. நம் அனைவர்க்கும் அஃது அண்டை வீட்டாரின் கடமை. ஆண்டுவிழாவின் பாட்டும் நாடகமும் இன்றிரவோடு முடியும். நம் பிள்ளைகளுள் ஒருவர் துயருறும் நாளில் அவர் வீட்டுக் கதவைத் தட்டும் முதற்கை இச்சங்கத்தின் கையாக இருத்தல் வேண்டும். அதுவே இவ்விழாவுக்குப் பயன்.