போன்கிட்: சாதாரண யூசர் ரூட் ஆன கதை

இன்னைக்கு லினக்ஸ்ல 12 வருஷத்துக்கு மேல ஒளிஞ்சிருந்த ஒரு ஓட்டையைப் பத்திப் பேசுவோம். பேரு போன்கிட். உங்க கையில இருக்கிற போனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

எங்க ஊர் வாலிகண்டபுரம். பெரம்பலூர் தாண்டி சென்னை ரோட்டுல வரும். அங்க சித்தி வீட்டுல அரசு கொடுத்த இலவச லேப்டாப் ஒண்ணு இன்னும் ஓடுது. 2011-ல ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துல பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தாங்க. சி-டாக் உருவாக்கின பாஸ், டெபியன் மேல கட்டினது. இப்படிப்பட்ட வீட்டு லேப்டாப்ல அண்ணன், தங்கச்சி, பக்கத்து வீட்டுப் பையன்னு ஆளுக்கொரு லாகின் இருக்கும். "அவனுக்கு ரூட் பாஸ்வேர்டு தெரியாதே, என்ன பண்ணிடுவான்?"னு நாம நினைப்போம். போன்கிட் உடைச்சது அந்த நம்பிக்கையைத்தான்.

2022 ஜனவரி 25-ல குவாலிஸ் நிறுவனம் இதை வெளியிட்டது. உபுண்டு, டெபியன், பெடோரா, சென்ட்ஓஎஸ் நாலுலயும் சாதாரண யூசரா உள்ளே போய், பாஸ்வேர்டே இல்லாம ரூட் ஆகிக் காட்டினாங்க. ஓட்டை இருந்த புரோகிராம் பிகேஎக்ஸெக். போல்கிட் தொகுப்போட சேர்ந்து வரும். 2009 மே மாதம் வந்த முதல் வெர்ஷன்லயே இந்தத் தப்பு இருந்தது.

பிகேஎக்ஸெக்கை யார் ஓட்டினாலும் அது ரூட் அதிகாரத்தோடதான் ஓடும். அதுக்குக் காரணம் எஸ்யூஐடி என்கிற பர்மிஷன். அதனால அதுக்குள்ள இருக்கிற சின்னத் தப்பு கூட பெரிய தப்பு.

ஒரு ஆபீஸை நினைச்சுக்கோங்க. மனுவும், பின்னாடி இணைப்புத் தாளும் கொண்டு போறீங்க. வாசல்ல வாட்ச்மேன் ஆபத்தான இணைப்புகளை அடிச்சுட்டுத்தான் உள்ளே விடுவார். அதிகாரி மனுவோட ரெண்டாவது வரியைப் படிச்சு, தேவைப்பட்டா திருத்தி எழுதுவார். நீங்க ஒரு வரி கூட இல்லாத மனுவைக் கொடுத்தா? அவர் கண்ணு இணைப்புத் தாளோட முதல் வரிக்குப் போயிடும். அதையே மனுன்னு நினைச்சுத் தன் பேனாவால திருத்துவார். வாட்ச்மேன் அடிச்சு விட்ட விஷயம், இப்போ அதிகாரி கையெழுத்துல திரும்ப வந்துடுச்சு!

மனு வரிகள்னா ஆர்க்யுமென்ட். இணைப்புத் தாள்னா என்விரான்மென்ட் வேரியபிள். மெமரியில ரெண்டும் அடுத்தடுத்து இருக்கு. ஆர்க்யுமென்டே இல்லாம கூப்பிட்டா, தடை செஞ்ச வேரியபிளை பிகேஎக்ஸெக்கே திரும்ப எழுதிடும். அப்புறம் ஒரு எரர் மெசேஜ் காட்டப் போகும்போது, அந்த வேரியபிள் காட்டுற இடத்துல இருந்து தாக்குறவனோட லைப்ரரியை ரூட்டாவே லோட் பண்ணிடும்.

இப்போ தீர்வு. முதல்ல அப்டேட் போடுங்க. இது கெர்னல் இல்ல, அதனால ரீபூட் தேவையில்ல. அப்டேட்டே வராத பழைய சிஸ்டமா? ரூட்டா போய் இதை அடிங்க: சிஹெச்மாட், ஸ்பேஸ், 0755, ஸ்பேஸ், ஸ்லாஷ் யூஎஸ்ஆர் ஸ்லாஷ் பின் ஸ்லாஷ் பிகேஎக்ஸெக். எஸ்யூஐடி போயிடும். பாஸ்வேர்டு கேட்டுத் திறக்கிற சில கிராபிகல் ஆப்ஸ் வேலை செய்யாது. சூடோ எப்பவும் போல ஓடும். எல்எஸ் மைனஸ் எல் போட்டுப் பாருங்க, பர்மிஷன்ல எஸ் எழுத்து இல்லைன்னா சரி.

2013-லயே ரயான் மேலன் என்கிற புரோகிராமர் இந்த விசித்திரத்தைக் கவனிச்சு எழுதியிருந்தார். ரூட் ஆகுற வழி வரைக்கும் அது போகல. ஓப்பன்பிஎஸ்டி கெர்னல் காலி ஆர்க்யுமென்டை ஏத்துக்கவே ஏத்துக்காது, அதனால அங்க இந்தத் தாக்குதல் பலிக்கல. லினக்ஸ் கெர்னல் 5.18-லதான் காலியா வந்தா ஒரு வெத்து ஆர்க்யுமென்டைத் தானே சேர்க்க ஆரம்பிச்சது.

"லோக்கல் ஓட்டைதானே"ன்னு இதை ஒதுக்கிடாதீங்க. வெப்சைட் வழியா ஒருத்தன் சாதாரண யூசரா உள்ளே வந்துட்டா, அவனுக்கு அடுத்த படி இதுதான். உங்க சிஸ்டத்துல எந்தெந்த புரோகிராமுக்கு எஸ்யூஐடி இருக்குன்னு இந்த வாரம் ஒரு தடவை பாருங்க. தேவையில்லாததை எடுத்துடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.