பன்றி என்ன தப்பு செய்தது?

(பரிசளிப்பு விழாவில் ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியை ஆற்றிய உரை)



"அறிவியல் பாடத்துல டீச்சர் பாடம் நடத்தாம பிள்ளைங்கள வாய்ச்சண்டை போட விடுறாங்களாமே?" என்று சில பெற்றோர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வையும் எடுத்துவிட்டார்கள். பிள்ளை என்ன படிக்கிறது என்று வீட்டிலிருந்து அளந்து பார்க்க வழி குறைந்து போயிற்று. ஆகவே எங்கள் வகுப்பில் நடந்த ஒரு வாதத்தை அப்படியே சொல்லுகிறேன். கேட்டபின் நீங்களே முடிவு செய்யுங்கள்.

நம் நெகிரி செம்பிலானில் நடந்த சம்பவத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். 1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் ஒரு காய்ச்சல் தொடங்கியது. பிறகு சிரம்பானுக்கு அருகே சிக்காமாட், போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா என்று இறங்கி வந்தது. மூளை வீங்கி, நினைவு தப்பி, நாட்டில் 265 பேர் நோயுற்றதில் 105 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் சீனர்கள், பண்ணைகளில் கூலி வேலை செய்த நம்மவர்களும் உண்டு. 1999-இல் இராணுவத்தை இறக்கிப் பத்து இலட்சத்துக்கும் அதிகமான பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். பெரியவர்களுக்கு இது நினைவிருக்கும். பிள்ளைகளுக்குப் பிறப்பதற்கு முந்திய கதை.

கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: அத்தனை பன்றிகளையும் கொன்றது சரியா?

"பாவம் டீச்சர், பன்றி என்ன தப்பு செஞ்சது?" என்றது ஒரு பக்கம். "அப்ப மனுசன் செத்தா பரவாயில்லையா?" என்றது மறுபக்கம். ஐந்து நிமிடம் ஒரே கூச்சல். கொல்ல வேண்டும் என்றவனிடம், "பன்றியைக் கொன்னா நோய் நிற்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். வகுப்பு அடங்கிவிட்டது. பாடம் அங்கேதான் ஆரம்பம்.

முதலில் அந்த நோயை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நம்பினார்கள். அது கொசுவால் பரவுவது. ஆகவே கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் படுத்தார்கள். அந்தக் காய்ச்சல் வழக்கமாகச் சிறுபிள்ளைகளைத் தாக்குவது. இங்கேயோ பன்றியைத் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆண்கள் விழுந்தார்கள். "கொசு ஆள் பார்த்தா கடிக்கும்?" என்று ஒரு மாணவி கேட்டாள் பாருங்கள், மருத்துவர்களின் சந்தேகமும் அதுவே. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங் இது வேறொரு புதிய கிருமி என்று கண்டறிந்தார். சுங்கை நிப்பா கிராமத்து நோயாளியிடம் கிடைத்ததால் அதற்கு நிப்பா என்று பெயர். பன்றியின் நுரையீரலில் பெருகி, இருமல் வழியாகவும் எச்சில் வழியாகவும் அது பரவியது. கிருமி, உயிரணு, நோய்க்கடத்தி என்ற சொற்களை யாரும் மனப்பாடம் செய்யவில்லை. வாதத்தில் ஜெயிக்க அவை தேவைப்பட்டன, அவ்வளவுதான்.

அடுத்து இன்னொரு கேள்வி கிளம்பியது. பேராக்கில் பன்றிகள் நோயுற்றபோது, நட்டத்துக்குப் பயந்து மலிவாக விற்றார்கள். அவை லாரி ஏறி வந்ததால்தான் நம் மாநிலத்தில் நோய் பரவியது. விற்றவர் குற்றவாளியா? "நோய்னு தெரியாம வித்தா குற்றம் இல்ல, தெரிஞ்சும் வித்தா குற்றம்" என்றார்கள் பிள்ளைகள். "கடன்காரன் வாசல்ல நின்னா?" என்றான் ஒருவன். அதற்கு என்னிடமும் உடனே பதில் இல்லை.

கிருமியின் சொந்த வீடு பழந்தின்னி வௌவால் என்பது பிற்பாடு தெரிந்தது. தியோமான் தீவில் வௌவாலின் சிறுநீரிலும் அது கடித்துப் போட்ட பழத்திலும் கிருமி கிடைத்தது. பன்றிக்கொட்டகை ஓரத்துப் பழமரங்களில் வௌவால் தின்று போட்டதைப் பன்றி தின்றிருக்கிறது. "அப்ப வௌவாலையும் சுட்டுடலாம்!" என்றார்கள். டுரியான் பூ இரவில் மலரும், அதன் மகரந்தத்தைக் கொண்டு போவது பெரும்பாலும் வௌவால்தான் என்றேன். டுரியான் என்றதும் பாதிப்பேர் கட்சி மாறிவிட்டார்கள்! 2001 முதல் வங்காளதேசத்தில் ஈச்சமரத்துச் சாற்றில் வௌவால் வாய் வைத்து இதே நோய் வந்தது. அங்கே சாறு வடியும் இடத்தை மூங்கில் தட்டியால் மூடச் சொல்லிக் கொடுத்தார்கள். கொல்லாமலும் ஒரு வழி உண்டு என்று பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள்.

என் கருத்தையும் கேட்டார்கள். பன்றிகளைக் கொன்றது அன்றைக்குச் சரி, ஆனால் நாட்டுக்காகப் பட்ட நட்டத்தைப் பண்ணைக்காரன் தலையில் மட்டும் சுமத்தக்கூடாது என்றேன். ஒரு மாணவன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. காரணத்தோடு பேசினான்; முழு மதிப்பெண் போட்டேன்.

எல்லாக் கேள்வியும் இதற்கு உதவாது. "உயிர்வதை நல்லதா?" என்று பொதுவாகக் கேட்டால் வெறும் சத்தம்தான் மிஞ்சும். உயிரியல் தெரியாமல் பதில் சொல்லவே முடியாத கேள்வியாகப் பொறுக்க வேண்டும். நான் பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு வந்தவள், பட்டதாரி அல்ல. ஆனால் இப்பிள்ளைகள் நாளை ஆறாம் படிவத்திலோ கல்லூரியிலோ உயிரியல் எடுக்கும்போது உறுப்பு தானம், மரபணு மாற்றம் என்று இதே மாதிரிக் கேள்விகள்தான் காத்திருக்கின்றன.

அடுத்த தவணையில் பாராகுவாட் மருந்தை எடுக்கிறோம். 2002-இல் தடை என்றார்கள், 2006-இல் மறுபடி விட்டார்கள், 2020 ஜனவரி முதல் நாட்டில் முழுத்தடை. பச்சை இலையில் வெளிச்சம் பட்டு நடக்கிற வேலையைக் கெடுத்துப் புல்லைக் கொல்வது, மனிதனின் நுரையீரலை ஏன் அரிக்கிறது என்பதுதான் பாடம். தாய்மார்களே, உங்களில் முதுகில் பம்பு சுமந்து மருந்தடித்தவர்கள் இருக்கிறீர்கள். கையுறை கொடுத்தார்களா, நகம் என்னவாயிற்று, அந்தத் துணியை எங்கே துவைத்தீர்கள் என்று இரவுச் சாப்பாட்டின்போது பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். வகுப்புக்கே வந்து சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. நாற்காலி போட்டு வைக்கிறோம்.